யுகுலேலேயின் கழுத்தைப் பெட்டியோடு இணைக்கும் முறைகள்

கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டு தொடங்குவதற்கு முன்பு வில்லை வளைத்து நாண் ஏற்றுவதைப் பார்த்த எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்களுக்கு, சிறு கிட்டார் போன்ற நான்கு தந்திக் கருவியான யுகுலேலேயின் கழுத்து படும் பாட்டை அதிகம் விளக்க வேண்டியதில்லை. வில் வளைவதற்காகவே செய்யப்படுகிறது; யுகுலேலேயின் கழுத்தோ அதே வகையான இழுப்பைத் தாங்கிக்கொண்டு வளையாமலும் பெயராமலும் நிற்க வேண்டும். நான்கு நைலான் தந்திகளையும் சுருதி சேர்த்தபின் அவை ஒன்றாகச் சேர்ந்து இழுக்கும் விசை ஏறக்குறைய 15 முதல் 20 கிலோ எடைக்குச் சமமாகும்; எஃகுத் தந்தி பூட்டிய கிட்டாரில் இது 70 கிலோ அளவுக்குப் போகிறது. கிட்டாருக்கென்று எழுதப்பட்ட இணைப்பு முறைகளை அப்படியே யுகுலேலேக்குக் கொண்டுவந்து, அதன் சிறிய உடம்பில் பெரிய வேலைப்பாடுகளைத் திணிப்பவர்கள் இந்த வேறுபாட்டை மறந்துவிடுகிறார்கள். யுகுலேலேயின் இணைப்பு உடைந்து கையோடு வருவது அரிது. கழுத்து தவறான கோணத்தில் உட்கார்ந்துவிடுவதால் வாசிக்க முடியாமல் போகும் கருவிகளே மிகுதி. ஆகையால் எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும், பசை போடுவதற்கு முன்பு எத்தனை முறை கோணத்தைச் சரிபார்த்துத் திருத்த அது இடம் தருகிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

போர்ச்சுகலைச் சேர்ந்த மதீராத் தீவிலிருந்து 1879ஆம் ஆண்டு ரேவன்ஸ்கிராக் என்ற கப்பலில் ஹவாய்க்குப் போய்ச் சேர்ந்த தச்சர்கள், தங்கள் ஊர் மச்சேட்டே என்ற சிறு தந்திக் கருவியை அங்குள்ள மரத்தில் செய்யத் தொடங்கியதிலிருந்து யுகுலேலே பிறந்தது. நமக்கும் இந்த வேலை முற்றிலும் அந்நியமானதன்று. குடத்தையும் தண்டியையும் தனித்தனியாகச் செய்து சேர்க்கும் ஒட்டு வீணையில் இதே சிக்கல்தான் இருக்கிறது. அதைத் தவிர்ப்பதற்காகவே ஒரே மரத்தில் குடையும் ஏகாண்ட வீணையை உயர்வாகப் பேசுகிறார்கள் என்றும் சொல்லலாம். ஆகவே வீணைக்காரர்களின் சொற்களையே இங்கும் எடுத்துக்கொள்கிறேன்: விரல்பலகையில் பதிக்கும் உலோகக் கம்பிகள் மெட்டுகள், மேல்பலகையில் தந்தியைத் தாங்குவது குதிரை. கழுத்தின் அடியில் பெட்டியைத் தொடும் பகுதியைக் குதி என்றும், பெட்டிக்குள் குதிக்கு நேராக ஒட்டியிருக்கும் மரத்துண்டை உட்கட்டை என்றும் அழைக்கிறேன்.

வேலையில் இறங்குவதற்கு முன்பு ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. சிறிய அளவான சொப்ரானோ யுகுலேலேயில் தந்தியின் ஒலிக்கும் நீளம் சுமார் 345 மில்லிமீட்டர். 12ஆம் மெட்டு இந்த நீளத்தின் சரிபாதியில் விழுகிறது. கழுத்தும் பெட்டியும் சேரும் இடமும் பெரும்பாலும் அதுவே. எனவே இணைப்பிலிருந்து குதிரைக்குள்ள தொலைவு ஏறத்தாழ 172 மில்லிமீட்டர். குதியின் முகம் ஒரு பாகை தவறாகச் சீவப்பட்டிருந்தால், விரல்பலகையின் தளத்தை நீட்டிப் பார்க்கும்போது குதிரையருகே 3 மில்லிமீட்டர் ஏறவோ இறங்கவோ செய்யும். நம் ஆசாரிகளின் கணக்கில் அது ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. கதவு நிலைக்கு ஒரு நூல் பெரிதில்லை. இங்கே அது கருவியையே கெடுத்துவிடும். 50 மில்லிமீட்டர் உயரமுள்ள குதியில், மேல் ஓரத்துக்கும் கீழ் ஓரத்துக்கும் இடையே கால் மில்லிமீட்டர் வேறுபாடு இருந்தால்கூடக் குதிரையருகே முக்கால் மில்லிமீட்டருக்கு மேல் தவறு வந்துவிடுகிறது.

எந்த உயரத்தை நோக்கிப் போகிறோம் என்பதையும் இப்போதே முடிவு செய்துகொள்ள வேண்டும். கழுத்தின் மேல்முகத்தை மேல்பலகையோடு ஒரே தளத்தில் வைப்பதாகக் கொள்வோம். விரல்பலகை 5 மில்லிமீட்டர், மெட்டு 1 மில்லிமீட்டர், ஆக 6. 12ஆம் மெட்டின் மேல் தந்தி 2.5 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தால் விரலுக்கு இதமாக இருக்கும். அது பாதி வழி என்பதால், தலைப்பக்கத்து எலும்புப் பட்டையில் மெட்டுக்கு மேல் அரை மில்லிமீட்டர் விட்டுக் கணக்கிட்டால், குதிரையருகே தந்தி மேல்பலகையிலிருந்து 10.5 மில்லிமீட்டர் உயரத்தில் அமையும். ஏழரை மில்லிமீட்டர் உயரக் குதிரையும் அதன் மேல் 3 மில்லிமீட்டர் நீட்டி நிற்கும் எலும்புப் பட்டையும் இதற்குச் சரியாகப் பொருந்துகின்றன. ஆகவே குதியின் முகமும் கழுத்தின் மேல்முகமும் 90 பாகையில் சந்தித்தால் போதும். கழுத்தைப் பின்னால் சாய்க்கும் வேலை சொப்ரானோவுக்குத் தேவையில்லை. மூலைமட்டம் ஒன்று துல்லியமாக இருந்தால் பாதி வேலை முடிந்தது. புதிய மூலைமட்டத்தை நம்பிவிடாமல், நேரான பலகை விளிம்பில் வைத்து ஒரு கோடு கிழித்து, மட்டத்தைத் திருப்பி வைத்து அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு கிழித்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழாவிட்டால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

மரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இடித்த வீடுகளிலிருந்து வரும் பழைய தேக்குச் சட்டங்கள் பல பத்தாண்டுகள் காய்ந்தவை என்பதால் கழுத்துக்கு மிகவும் ஏற்றவை. உள்ளே புதைந்திருக்கும் ஆணியைக் கண்டுபிடிக்க ஒரு காந்தத்தை மேலே ஓட்டிப் பார்த்துவிட்டு வாளை வைக்கவும். பலா சற்றுக் கனமானது. அம்பாசமுத்திரத்தில் செப்புச் சாமான் கடையும் மஞ்சள் கடம்பு மரம் நெருங்கிய இழையும் மிதமான கனமும் கொண்டது. கழுத்துக்கும் உதவும், இரு துண்டுகளின் துளைகளில் செருகி இணைக்கும் உருண்டைக் குச்சிகளான முளைகளுக்கும் உதவும். புது மரமாக இருந்தால் அதை வாரத்துக்கு ஒருமுறை எடை போட்டுக் குறித்துவைத்து, எடை குறைவது நின்றபின் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி முறைகளுக்கு வருவோம். எல்லா முறைகளுக்கும் பொதுவான வேலை ஒன்று உண்டு: குதியின் முகத்தைப் பெட்டியின் பக்கப் பலகையோடு இடைவெளியில்லாமல் சேர்ப்பது. இதில்தான் பொறுமை வேண்டும். இணைப்பின் பெயர் எதுவானாலும் அதன் தரம் இங்கேதான் தீர்மானமாகிறது.

என் முதல் யுகுலேலேயில் இதை நான் சரியாகச் செய்யவில்லை. தங்கை மகளுக்காகச் செய்த கருவி அது. குதியின் கீழ் ஓரத்தில் மெல்லிய இடைவெளி இருந்ததைக் கண்டும், வெள்ளைப் பசையில் மரத்தூளைக் குழைத்து அடைத்துவிட்டேன். பார்வைக்கு ஒன்றும் தெரியவில்லை. அக்னி நட்சத்திரக் காலத்தில் ஒரு நண்பகல் முழுவதும் அது பூட்டிய காருக்குள் கிடந்தது. மாலையில் எடுத்துப் பார்த்தபோது 12ஆம் மெட்டில் தந்தி 4 மில்லிமீட்டருக்கு மேல் ஏறியிருந்தது. கல்லிடைக்குறிச்சியில் எனக்குத் தெரிந்த முதிய ஆசாரி ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கழுத்தைக் கையால் அசைத்துப் பார்த்துவிட்டு, "பசையில தூளக் கொழச்சி அடைச்சிருக்கீரே, அது மரமாவே? ஒட்டுததுக்கு முன்னால சன்னல் பக்கம் தூக்கிப் பாக்கணும்வே. வெளிச்சம் வந்தா இன்னும் சீவணும்" என்றார். "சரி அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வந்து கழுத்தைக் கழற்றினேன். அன்றிலிருந்து சன்னல் வெளிச்சமே என் சோதனைக் கருவி.

அவர் சொன்னபடி இடைவெளி தீரச் சீவும் விதம் இது. பெட்டியின் பக்கப் பலகையில் கழுத்து உட்காரும் இடத்தில் சாக்குக்கட்டியை மெல்லியதாகப் பூசுங்கள். குதியை அந்த இடத்தில் வைத்து அழுத்தி, மயிரிழை அளவு அசைத்து எடுத்தால், குதியில் துருத்திக்கொண்டிருக்கும் மேடுகளில் மட்டும் வெள்ளை ஒட்டியிருக்கும். கூர்மையான உளியால் அந்த வெள்ளையை மட்டும் சுரண்டிவிட்டு மீண்டும் வைத்துப் பாருங்கள். குதியின் நடுப்பகுதியை ஓரங்களைவிட அரை மில்லிமீட்டர் ஆழமாகக் குடைந்து, சுற்றிலும் 5 மில்லிமீட்டர் ஓரம் மட்டும் தொடும்படி விட்டால் சீவ வேண்டிய பரப்பு குறைந்து வேலை எளிதாகும்; ஆனால் போல்ட்டால் இறுக்கும் முறைக்கு மட்டுமே இப்படிக் குடையலாம். பசையை நம்பும் முறைகளுக்கு முகம் முழுவதும் தொட வேண்டும். ஏழெட்டு முறை சுரண்டியபின் வெள்ளை ஓரம் முழுவதும் ஒரே சீராகப் படியத் தொடங்கும்.

அடுத்ததாக நூல் பிடித்துப் பார்க்க வேண்டும். கழுத்தை இடத்தில் வைத்துத் தற்காலிகமாகக் கட்டிவிட்டு, தலைப்பக்கத்தின் நடுவிலிருந்து விரல்பலகையின் நடுக்கோட்டின் வழியாகப் பெட்டியின் வால்நுனி வரை ஒரு தையல் நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் மேல்பலகையின் நடு ஒட்டுக்கோட்டின் மேல் சரியாக விழ வேண்டும். இடப்பக்கம் விலகி விழுந்தால் குதியின் இடக் கன்னத்தையும், வலப்பக்கம் விழுந்தால் வலக் கன்னத்தையும் குறைக்க வேண்டும். நூல் சாயும் பக்கமே சீவும் பக்கம் என்று நினைவில் வைத்துக்கொண்டால் குழப்பம் வராது. பிறகு ஒரு நேரான எஃகு அளவுகோலை மெட்டுகளின் மேல் கிடத்திக் குதிரைப் பக்கம் நீட்டிப் பாருங்கள். கோலின் அடி மேல்பலகையிலிருந்து 6 மில்லிமீட்டர் உயரத்தில் நின்றால் சரி. அதற்குக் கீழே இறங்கினால் தந்தி உயரமாகிவிடும். குதியின் கீழ் ஓரத்தைக் குறைத்துக் கழுத்தைப் பின்னால் சாய்க்க வேண்டும். மேலே ஏறினால் விரல்பலகைப் பக்கத்து மேல் ஓரத்தைக் குறைக்க வேண்டும்.

இந்தக் கடைசித் திருத்தங்களுக்கு உளியைவிட உப்புத்தாள் நல்லது. 180ஆம் எண் உப்புத்தாளை இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, சொரசொரப்பான பக்கம் குதியைப் பார்க்கும்படி இணைப்புக்குள் வைத்து, கழுத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு தாளை வெளியே இழுங்கள். பெட்டியின் வளைவே தாளுக்கு அச்சாக அமைவதால், குதி அந்த வளைவுக்கு ஏற்றபடி தானாகத் தேய்கிறது. ஒருபோதும் இரண்டு இழுப்புகளுக்கு மேல் தொடர்ந்து போகாமல், ஒவ்வொரு முறையும் நூலையும் கோலையும் வைத்துப் பார்த்துவிட்டு அடுத்த இழுப்புக்குப் போங்கள்.

முளை வைத்து ஒட்டும் முறை எளிய கருவிகளோடு வேலை செய்பவருக்குப் பொருத்தமானது. குதியின் முகம் மரத்தின் வெட்டுமுகம், அதாவது இழைகள் குறுக்கே அறுபட்ட முகம், என்பதால் அது பசையை உறிஞ்சிவிடும். பசையை மட்டும் நம்பி ஒட்டினால் பிடிப்புக் குறையும். இரண்டு முளைகள் அந்தக் குறையை ஈடுசெய்கின்றன. 8 மில்லிமீட்டர் விட்டமுள்ள முளைகளை, ஒன்றை விரல்பலகைக்குச் சற்றுக் கீழேயும் மற்றொன்றை அதிலிருந்து 25 மில்லிமீட்டர் கீழேயும் வைக்கலாம். ஒவ்வொன்றும் உட்கட்டைக்குள் 15 மில்லிமீட்டரும் குதிக்குள் 20 மில்லிமீட்டரும் போனால் போதும். துளைகளை முதலில் குதியில் போடாமல், பெட்டியின் பக்கம் போடுங்கள். இடத்தைக் குதிக்கு மாற்றுவதற்கு, தலை வெட்டிய சிறு ஆணிகளை உருண்டைத் தக்கைகளில் பதித்து அந்தத் துளைகளில் வைத்து, முனை மட்டும் வெளியே தெரியும்படி விட்டு, கழுத்தை நூல் பிடித்த இடத்தில் அழுத்தினால் குதியில் இரண்டு புள்ளிகள் விழும். அவற்றின் மேல் டிரில்லை வையுங்கள். முளையின் நீளவாக்கில் வாளால் ஒரு கீறல் போட மறக்க வேண்டாம். அது இல்லாவிட்டால் துளைக்குள் அகப்பட்ட பசை முளையை உள்ளே போகவிடாமல் தள்ளும், அவசரப்பட்டு அடித்தால் உட்கட்டை பிளந்துவிடும். அம்பாசமுத்திரத்துக் கடைசல் பட்டறைகளில் முளையைக் கடைந்து வாங்குபவர்கள், ஈர மரத்தில் கடைந்தது காய்ந்தபின் உருண்டை மாறி நீள்வட்டமாகிவிடும் என்பதை நினைத்துக் காய்ந்த மரத்தை நாமே கொண்டுபோய்க் கொடுப்பது நல்லது.

பசைக்கு, விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் வஜ்ஜிரமே என் தேர்வு. துண்டுகளை இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து 60 பாகை செல்சியஸ் அளவில் உருக்க வேண்டும்; கொதித்தால் பிடிப்புப் போய்விடும். கருப்பட்டிப் பாகு கம்பிப் பதத்துக்கு வருவதற்கு முன்பு இழையாக ஒழுகுமே, அதுதான் பதம். குளிர்ந்த நாடுகளில் வஜ்ஜிரம் பூசிய உடனே இறுகிவிடும் என்பதால் மரத்தைச் சூடாக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கிறது. சித்திரை வெயிலில் வேலை செய்யும் நமக்கு அந்தத் தொல்லை குறைவு. வெட்டுமுகத்தில் முதலில் நீர்த்த வஜ்ஜிரத்தை ஒருமுறை பூசிக் காயவிட்டு, அதன் பிறகு ஒட்டினால் மரம் பசையைக் குடிக்காது. தேக்கில் எண்ணெய்ப் பசை இருப்பதால் சீவிய அன்றே ஒட்டிவிட வேண்டும். வஜ்ஜிரம் ஈரத்துக்குத் தளரும் என்பது உண்மை. குற்றாலச் சாரலில் நனையவிட்டால் அதைக் காப்பாற்ற முடியாது. ஆனால் வெள்ளைப் பசையோ வெப்பத்தில் இழுவையின் கீழ் மெல்ல நகரும் குணமுடையது. எங்கள் ஊரின் கோடைக்கு அந்தக் குணம் ஒத்துவராது. ஒட்டியபின் இறுக்குவதற்குப் பெரிய கிளாம்புகள் தேவையில்லை. பழைய சைக்கிள் டியூபை நீளவாக்கில் பட்டைகளாக வெட்டி, குதியிலிருந்து வால்நுனி வரை நாலைந்து சுற்றுச் சுற்றினால் போதுமான அழுத்தம் கிடைக்கும். கட்டிய உடனே நூலை மறுபடியும் பிடித்துப் பாருங்கள்; டியூபின் இழுப்பு கழுத்தைச் சற்று நகர்த்தியிருக்கக்கூடும்.

போல்ட் முறையை நான் இப்போது மிகுதியாகப் பயன்படுத்துகிறேன். கட்டில் சட்டங்களை இணைப்பதற்கு ஹார்டுவேர் கடைகளில் விற்கும் பேரல் நட்டும் (குறுக்கே மரைத்துளை உள்ள உருளை நட்), தலையில் அறுகோணக் குழியுள்ள 6 மில்லிமீட்டர் ஆலன் போல்ட்டும்தான் இதற்குத் தேவை. மரத்தின் வெட்டுமுகத்தில் திருகாணி முறுக்கினால் இழைகள் நொறுங்கிப் பிடிப்பு விட்டுவிடும். பேரல் நட் இழைகளுக்குக் குறுக்கே படுத்திருப்பதால் அது பிய்ந்து வருவதற்கு மரமே உடைய வேண்டும். விரல்பலகையை ஒட்டுவதற்கு முன்பு, கழுத்தின் மேல்முகத்திலிருந்து செங்குத்தாக 10 மில்லிமீட்டர் துளையை, குதியின் முகத்திலிருந்து 22 மில்லிமீட்டர் உள்ளே தள்ளிப் போடுங்கள். பிறகு குதியின் முகத்திலிருந்து நேராக 7 மில்லிமீட்டர் துளை போட்டு அதைச் சந்திக்க வையுங்கள். நட்டை மேலிருந்து இறக்கி, அதன் தலையிலுள்ள வெட்டில் திருப்புளியை வைத்துத் திருப்பிப் போல்ட்டுக்கு நேராக நிறுத்தி, மேலே ஒரு மரத்துண்டை அழுத்தமாக வைத்து அடைத்துவிட வேண்டும். அடைக்காமல் விட்டால் ஏதாவது ஒரு சுரத்தில் நட் அதிர்ந்து கிலுகிலுக்கும். எங்கிருந்து வருகிறது என்று தேடித் தேடிச் சலித்துப் போவீர்கள். விரல்பலகை ஒட்டியபின் துளை வெளியே தெரியாது.

ஒற்றைப் போல்ட்டில் கழுத்து சுழலாமல் இருக்க, அதற்குக் கீழே ஒரு சிறு முளையைப் பசையின்றிச் செருகுங்கள். உட்கட்டையின் துளை போல்ட்டைவிட ஒரு மில்லிமீட்டர் பெரிதாக இருந்தால் நூல் பிடிக்கும்போது சிறிது நகர்த்திக்கொள்ளலாம். போல்ட்டின் தலைக்கடியில் அகலமான வாஷர் வைக்க வேண்டும். சொப்ரானோவின் ஒலித்துளை வழியாகக் கை நுழையாது என்பது இந்த முறையின் ஒரே சங்கடம். வால்பக்கத்து உட்கட்டையில் போல்ட்டுக்கு நேர் எதிரே ஒரு துளை போட்டு, நீண்ட கம்பியில் பற்றவைத்த ஆலன் சாவியை அதன் வழியாக நேராகச் செலுத்துவது நான் கண்ட நல்ல வழி. பிறகு அந்தத் துளையை ஒரு கடைந்த குமிழால் மூடிவிடலாம். நட்டும் போல்ட்டும் சேர்ந்து கூட்டும் எடையைப் பற்றிச் சிலர் கவலைப்படுகிறார்கள். எடை குதியருகே விழுவதால் கையில் பிடிக்கும்போது எனக்கு அது உறுத்தவில்லை.

ஸ்பானிய முறையில் கழுத்தும் உட்கட்டையும் ஒரே துண்டு. குதியின் இரு பக்கங்களிலும் பக்கப் பலகையின் தடிமனுக்கு, அதாவது 2 மில்லிமீட்டர் அளவுக்கு, வாளால் ஒரு பிளவு போட்டு, வளைத்த பக்கப் பலகைகளின் நுனிகளை அந்தப் பிளவுகளில் செருகி, கழுத்தைச் சுற்றியே பெட்டியைக் கட்டி எழுப்புகிறார்கள். இதில் இணைப்பு என்று தனியாக ஒன்று இல்லாததால் பெயர்ந்து வருவதற்கும் ஒன்றுமில்லை; பார்க்கவும் அழகானது. ஆனால் கோணம் முழுவதும் வேலைப்பலகையை நம்பியிருக்கிறது. 18 மில்லிமீட்டர் பிளைவுட் ஒன்றை நேர்கோல் வைத்துச் சோதித்து, அதன் மேல் நடுக்கோடு கிழித்து, மேல்பலகையையும் கழுத்தையும் முகம் கவிழ்த்து அந்தக் கோட்டின் மேல் திருகிப் பொருத்திவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடங்க வேண்டும். பலகை முறுகியிருந்தால் கருவியும் முறுகும். பின்னால் திருத்த வழியில்லை. முதல் மூன்று கருவிகளுக்கு இந்த முறையை நான் பரிந்துரைப்பதில்லை.

கிட்டார்களில் போற்றப்படும் ‘புறா வால்’ (டவ்டெயில்) இணைப்பு, அதாவது புறாவின் வால்போல் விரிந்த நாக்கை அதே வடிவப் பள்ளத்தில் செருகும் முறை, யுகுலேலேக்கும் செய்யப்படுவதுண்டு. பசை இல்லாமலே பிடித்து நிற்கும் அளவுக்கு அதைச் சீவுவது அரிய கைத்திறன்தான். ஆனால் 20 கிலோ இழுப்புக்கு அவ்வளவு உழைப்புத் தேவையில்லை, மேலும் சிறிய உட்கட்டையில் அவ்வளவு மரத்தைக் குடைந்தெடுப்பதால் கட்டையே வலுவிழக்கிறது.

எந்த முறையில் பொருத்தினாலும், தந்தி பூட்டிய அன்றே உயரத்தை முடிவாகச் சீவிவிடாதீர்கள். குதிரையின் எலும்புப் பட்டையைத் தேவைக்கு மேல் ஒரு மில்லிமீட்டர் உயரமாக விட்டு, முழுச் சுருதியில் இரண்டு வாரம் வைத்திருந்து, கழுத்து தன் இடத்தில் அமர்ந்தபின் 12ஆம் மெட்டில் அளந்து பாருங்கள். அங்கே அரை மில்லிமீட்டர் இறக்க வேண்டுமானால் பட்டையின் அடியில் ஒரு மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். அளவை ஒரு தாளில் குறித்துவைத்து, ஆனி ஆடிக் காற்று ஓய்ந்தபின் ஒருமுறையும், ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பின் ஒருமுறையும் மீண்டும் அளந்து ஒப்பிடுங்கள். ஈரக் காலத்தில் மேல்பலகை உப்பித் தந்தியைச் சிறிது தூக்கும், மழை விட்டு மரம் காய்ந்ததும் இறங்கிவிடும்; அதைக் கண்டு கழுத்தைக் கழற்ற வேண்டாம். இரண்டு பருவங்களிலும் உயரம் ஏறிக்கொண்டே போனால் மட்டும், போல்ட் போட்ட கருவியானால் போல்ட்டைத் தளர்த்தி, குதியின் கீழ் ஓரத்தில் உப்புத்தாளை வைத்து ஒரே ஒருமுறை இழுத்துவிட்டு மறுபடியும் இறுக்குங்கள்.